“சார் வரலையா, மேடம்?”

வடபழனி நூறடி சாலையை ஒட்டிய ஒரு சர்வீஸ் சென்டர். பெயர் இங்கே தேவையில்லை. என் சின்னக் கார் முப்பதாயிரம் கிலோமீட்டரைத் தொட்டிருந்தது. காலை ஒன்பது மணிக்கு நான்தான் முதல் ஆள். கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சர்வீஸ் அட்வைசர் என் மாணவர்களைவிட நாலைந்து வயது மூத்தவனாக இருப்பான். என்னைப் பார்த்தான், எனக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு வரைக்கும் பார்வையை ஓட்டினான். பிறகு கேட்டான்: “சார் வரலையா, மேடம்?”

வரலை என்றேன். எங்கள் வீட்டில் சார் என்று யாரும் இல்லை, அம்மாவும் நானும்தான் என்பதை அவனிடம் சொல்லத் தோன்றவில்லை.

அரை மணி நேரத்தில் எஸ்டிமேட் வந்தது. 16,400 ரூபாய். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் என்று எனக்குப் புரிந்த மூன்று நான்கு வரிகள். அதற்குக் கீழே இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசிக்குக் கிருமிநீக்கம், அண்டர்பாடி கோட்டிங், பெயின்டுக்கு டெஃப்லான், எலி வராமலிருக்க ஒரு ஸ்ப்ரே, டயருக்கு நைட்ரஜன். “எல்லாமே ரெகமண்டட் மேடம். இப்ப பண்ணலைன்னா பின்னாடி பெரிய செலவு வந்துடும்.” கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்துக் கல்லூரிக்குப் போய்விட்டேன். தொல்காப்பிய நூற்பா ஒன்றுக்கு இளம்பூரணர் சொல்வது சரியா, நச்சினார்க்கினியர் சொல்வது சரியா என்று அன்று இரண்டாம் பாடவேளை முழுவதும் வகுப்பில் வாதாடினேன்.

அடுத்த ஆண்டு, நாற்பதாயிரம் கிலோமீட்டர் சர்வீஸ் சமயத்தில், பெங்களூரிலிருந்து வந்திருந்த தம்பி தானே வண்டியை விட்டு வருவதாகச் சொன்னான். அவனுக்குப் பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே தெரியாது, என்னிடம் கேட்டுக்கொண்டுதான் கிளம்பினான். அதே கவுன்டர், அதே வண்டி. எஸ்டிமேட் 7,200 ரூபாய். ஒரு வருடம் கூடுதலாக ஓடிய வண்டிக்கு, முந்தைய தொகையில் பாதிகூட இல்லை. “நீ என்னடா பேசினே?” என்று கேட்டேன். “நான் எதுவுமே பேசலையே. போன் பார்த்துட்டு இருந்தேன்” என்றான்.

அன்று இரவு டாஷ்போர்டுப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையோடு கிடந்த கையேட்டை வீட்டுக்குள் எடுத்து வந்தேன். வண்டி வாங்கி நான்கு வருடங்களில் அதை நான் பிரித்ததே இல்லை. உரையை மட்டும் நம்பாதே, மூலத்தைப் பார் என்று முனைவர் பட்ட மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பவள் நான். மூலம் காருக்குள்ளேயே இருந்திருக்கிறது. பின்பக்கங்களில் ஒரு அட்டவணை: எத்தனை கிலோமீட்டர் அல்லது எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை எதைப் பார்க்க வேண்டும், எதை மாற்ற வேண்டும். முப்பதாயிரத்துக்கு நேரே இருந்தவை ஆயில், ஃபில்டர்கள், பிரேக் பரிசோதனை, இன்னும் சில சோதனைகள். இன்ஜின் ஃப்ளஷ் என்ற சொல்லே அந்தப் புத்தகத்தில் இல்லை. டெஃப்லான் இல்லை. எலியும் இல்லை. நைட்ரஜனைப் பொறுத்தவரை, நாம் மூச்சுவிடும் காற்றிலேயே அது 78 விழுக்காடு இருக்கிறது. பழைய பனுவல்களில் பின்னால் வந்தவர்கள் நுழைத்த பாடல்களை எங்கள் துறையில் இடைச்செருகல் என்போம். நான் கையெழுத்துப் போட்ட தாளில் பாதிக்கு மேல் இடைச்செருகல்.

இது என் ஒருத்தியின் அசட்டுத்தனம் இல்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். மேகன் புஸ்ஸே, அயெலெட் இஸ்ரேலி, ஃப்ளோரியன் ஸெட்டெல்மேயர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு அது. அமெரிக்கா முழுவதும் உள்ள ஒர்க்ஷாப்புகளுக்கு ஆண்களையும் பெண்களையும் விட்டுப் போன் செய்ய வைத்தார்கள். டொயோட்டா கேம்ரி காருக்கு ரேடியேட்டர் மாற்ற என்ன ஆகும் என்பதுதான் எல்லோரும் கேட்ட கேள்வி. விலை தெரியாது என்று சொன்ன பெண்களுக்குச் சராசரியாக 406 டாலர் சொன்னார்கள், அதையே சொன்ன ஆண்களுக்கு 383. சந்தை விலையான 365 டாலரைக் குறிப்பிட்டு “அவ்வளவுதானே ஆகும்?” என்று கேட்டபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. இன்னொன்றும் தெரியவந்தது. குறைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டபோது பெண்களில் 35 விழுக்காட்டினருக்குக் குறைத்தார்கள், ஆண்களில் 25 விழுக்காட்டினருக்குத்தான். என் தம்பி வாயே திறக்காமல் வாங்கிய தள்ளுபடிக்கு இதில் விளக்கம் இருக்கிறது. எதுவும் கேட்காத பெண்ணுக்குத் தெரியாது என்றும், எதுவும் கேட்காத ஆணுக்குத் தெரிந்திருக்கும் என்றும் கவுன்டர் முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது.

இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது? ஆரம்பத்தில் இது இப்படி இல்லை.

1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஒரு விடியற்காலை, பெர்தா பென்ஸ் தன் இரண்டு மகன்களை எழுப்பி, கணவர் கார்ல் செய்துவைத்திருந்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். கணவரிடம் சொல்லவில்லை. பிஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல். அதுவரை யாரும் அவ்வளவு தூரம் மோட்டார் வண்டியில் போனதில்லை. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகும் ஊசியால் குத்திச் சரிசெய்தார். தீப்பொறிக் கம்பியின் உறை தேய்ந்தபோது தன் காலுறைப் பட்டியைக் கழற்றிச் சுற்றினார். வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்து வழுக்க ஆரம்பித்ததும், வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி அவற்றின் மேல் தோல் அடிக்கச் சொன்னார். இன்று நாம் காசு கொடுத்து மாற்றுகிற பிரேக் லைனிங்கின் தொடக்கம் அது. இன்னொரு விஷயத்தை நம் ஊர்ப் பெண்கள் கவனிக்க வேண்டும். கார்லின் தொழிலில் கல்யாணத்துக்கு முன்பே போடப்பட்ட பணம் பெர்தாவின் வரதட்சணை. ஆக, உலகத்தின் முதல் நெடுந்தூரக் காருக்குப் பணம் போட்டவரும், அதை ஓட்டியவரும், நடுவழியில் ரிப்பேர் பார்த்தவரும் ஒரு பெண். காப்புரிமைப் பத்திரத்தில் இருப்பது கணவர் பெயர்.

இருபது வருடங்கள் கழித்து, 1909-இல், இங்கிலாந்தின் பந்தய ஓட்டுநர் டோரதி லெவிட் ‘பெண்ணும் காரும்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு புத்தகம் எழுதினார். பானட்டைத் திறப்பது, எண்ணெய் பார்ப்பது, தீப்பொறிக் கருவியைச் சோதிப்பது எல்லாம் அதில் உண்டு. பின்னால் வருவதைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினார். கார் செய்கிறவர்கள் அந்தக் கண்ணாடியை வண்டியிலேயே பொருத்தத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இரண்டாம் உலகப்போரின் கடைசியில், 1945-இல், பிரிட்டன் இளவரசி எலிசபெத்துக்கே லாரி ரிப்பேர் கற்றுக்கொடுத்துப் படம் எடுத்துப் போட்டார்கள். போர் முடிந்ததும் அந்தப் படங்கள் வேடிக்கைப் படங்களாகிவிட்டன.

நடுவில் நடந்தது வியாபாரம். கார் உற்பத்தி பெருகியபோது ஆணுக்கு வேகமும் பலமும் விற்கப்பட்டன, பெண்ணுக்குச் சுலபம் விற்கப்பட்டது. கையால் சுழற்றி இன்ஜினைக் கிளப்ப வேண்டாம், கையில் கறை படாது, சத்தம் வராது. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது ஃபோர்டு கார் அல்ல, டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்ற மின்சாரக் கார். சுலபமாக ஓட்டலாம் என்பது நல்ல விஷயம்தான், நானும் இன்று பட்டனை அழுத்தித்தான் ஓட்டுகிறேன். ஆனால் அந்தச் சுலபத்தோடு, இதன் உள்ளே இருப்பது உனக்கு வேண்டாம் என்ற வாக்கியமும் சேர்ந்து வந்தது. தொண்ணூறுகளில் ஓசூரில் செய்யப்பட்ட ஸ்கூட்டியை நம் தெருவுக்குக் கொண்டுவந்த விளம்பரங்களிலும் அதுதான் இருந்தது. என் தலைமுறைப் பெண்களுக்குச் சிறகு கொடுத்த வண்டி அது. அதன் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்ற எங்களில் யாருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

சென்னையின் கதையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 1903-இலேயே மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றைக் கட்டிவிட்டார். அறுபதுகளில் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் தயாராயின. ஆனாலும் கார் வைத்திருந்த பெரிய வீடுகளில் பானட்டைத் திறந்தவர் எஜமானர் இல்லை, டிரைவர். கறை படிகிற வேலை கூலிக்காரனுக்கு உரியது என்ற சாதி நினைப்பு இன்ஜினையும் விட்டுவைக்கவில்லை. ஆகவே கவுன்டர் பையன் எதிர்பார்த்துக் கதவைப் பார்த்தானே, அந்தச் சாருக்கும் பரம்பரையாக எதுவும் தெரியாது. தெரிந்தவர் போன்ற தோரணை மட்டும் அவருக்குச் சொத்தாக வந்திருக்கிறது. 1948-இல் காரைக்குடியிலிருந்து ஏவி.எம். வந்து இறங்கிய பிறகு வடபழனிச் சாலைகளில் படக் கம்பெனிக் கார்கள் ஓடாத நாள் இல்லை. நடிகைகளை வீட்டிலிருந்து ஏற்றி, இரவில் இறக்கிவிடும் கார்கள். சாவித்திரி தானே கார் ஓட்டுவதில் எவ்வளவு ஆசை கொண்டவர் என்பதை இங்கே பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். சொல்லும்போது குரலில் ஒரு ‘அதனால்தான்’ ஒளிந்திருக்கும். அது எனக்குப் பிடிப்பதில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தின் வசந்தகுமாரி 1993-இல் அரசுப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஆசியாவின் முதல் பெண் பேருந்து ஓட்டுநர் என்று பொது அறிவுப் புத்தகங்களில் அவர் பெயர் ஏறியது. முதல் பெண் மெக்கானிக் யார் என்ற கேள்வியை எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

இனி அப்பாவின் பத்மினி. பிரீமியர் பத்மினி, வெளிர்நீலம். தீக்குளித்ததாகச் சொல்லப்படும் ஒரு ராணியின் பெயரைக் காருக்கு வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. அப்பா 1996-இல் இறந்தார். நான் இளங்கலை முதலாண்டு. அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியும், அப்பா இருந்தவரை அவள் ஓட்டியதும் உண்டு, ஆனால் சர்வீஸுக்கு விட்டதில்லை. முதல் தடவை விட்டபோது கிளட்ச் என்றார்கள். அடுத்த மாதம் கார்புரேட்டர். அதற்கடுத்து ரேடியேட்டர். ஆறாவது மாதம் “இன்ஜின் போயிடுச்சும்மா, இனி இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட்” என்றார் அந்த ஒர்க்ஷாப்காரர். அவரே ஒரு ஆளையும் கூட்டிவந்தார். பழைய இரும்பு விலைக்குப் போனது பத்மினி.

அம்மா ஏமாறுகிற பெண் இல்லை. தி.நகரில் எந்த நகைக்கடைக்குப் போனாலும் செய்கூலி எவ்வளவு, சேதாரம் எத்தனை சதவீதம், கல்லின் எடையைக் கழித்தாயா என்று கேட்டுக் கேட்டு, தராசுக்குப் பக்கத்திலேயே நிற்பவள். அவளோடு போக எனக்குக் கூச்சமாக இருக்கும். அப்படிப்பட்டவள் ஒர்க்ஷாப்பில் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். பொன்னைப் பற்றி அவளுக்கு அவள் அம்மா சொல்லித்தந்திருந்தாள், இரும்பைப் பற்றி யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு வருடம் கழித்து வடபழனி பஸ் டெப்போ சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம். எங்களைக் கடந்து போனது வெளிர்நீலப் பத்மினி. நம்பரைப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். “சத்தம் நல்லாத்தான் இருக்கு” என்றாள். அதன் பிறகு அவள் எந்தக் காரின் ஸ்டியரிங்கிலும் உட்காரவில்லை.

அந்தக் காலத்து ஒர்க்ஷாப்பில் ஒரு வசதி இருந்தது. இன்ஜின் கண்ணால் பார்க்கக்கூடியதாக இருந்தது, வேறொரு மெக்கானிக்கிடம் காட்டிக் கேட்டிருக்கலாம். 1998-இல் ஶ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலிருந்து சான்ட்ரோக்கள் வெளிவரத் தொடங்கின. அந்தத் தலைமுறைக் கார்களில் கார்புரேட்டர் போய் எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் வந்தது. வண்டிக்கு என்ன நோய் என்று தெரிய ஸ்கேனர் வேண்டும் என்றானது. ஸ்கேனரும் அசல் பாகங்களும் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட இடங்களில் மட்டும் என்றால் இரண்டாவது கருத்துக்கு எங்கே போவது? ஒரு தனிமனிதர் கொடுத்த புகாரில் தொடங்கிய வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது. உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம். நிறுவனங்கள் மேல்முறையீடு, உயர் நீதிமன்றம் என்று போயின. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு தளம் திறந்தது. இந்த வழக்கைப் பற்றிப் பெண்ணியக் கூட்டங்களில் யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆர்க்காடு சாலையின் சந்துகளில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் மெக்கானிக்கின் பிழைப்பும், தனியாகக் கார் வைத்திருக்கும் பெண்ணின் பர்ஸும் ஒரே தீர்ப்பில் இருந்தன.

அப்படி ஒரு கொட்டகையில்தான் நான் பாடம் கற்றேன். மெக்கானிக் அண்ணன் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்து, இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் நிற்பதைக் காட்டினார். டாஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றினால் பின்னால் ஏசி ஃபில்டர். அதை ஜி.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிவந்து நானே மாட்டினேன். வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ டயர் ஓரம் மட்டும் தேய்ந்தாலோ வீல் அலைன்மென்ட் செய்யணும், “சும்மா சும்மா வேணாம் டீச்சர்” என்றார். அண்டர்பாடி கோட்டிங் கடற்கரை ஓரத்தில் வீடு இருப்பவர்கள் யோசிக்க வேண்டியது. அது அவர் கருத்து, எனக்கும் சரியாகப் படுகிறது.

கொஞ்சம் தெரிந்ததும் தலைகனம் வந்தது. அடுத்த சர்வீஸில் சொன்னதையெல்லாம் வேண்டாம் என்றேன். பிரேக் பேடு தேய்ந்திருக்கிறது என்றான் பையன், அதையும் இடைச்செருகல் என்று நினைத்துத் தள்ளினேன். இரண்டு மாதம் கழித்து, மழை நாள், கோடம்பாக்கம் மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது முன்னால் போன ஷேர் ஆட்டோ சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். இரும்பை இரும்பு அறுக்கும் சத்தம். ஒரு கை இடைவெளியில் வண்டி நின்றது. ஆட்டோவின் பின்சீட்டில் பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்பிள்ளைகள் திரும்பி என்னையே பார்த்தார்கள். பேடு தீர்ந்து டிஸ்க்கும் கீறிவிட்டது. பேடுக்கு மட்டும் ஆகியிருக்கக்கூடிய செலவு மூன்று மடங்கானது. அந்தப் பையன் அன்று உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். ஏழு பொய்களுக்கு நடுவே ஒரு உண்மையைச் சொன்னால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவன்மேல் எனக்குக் கோபம்தான். மாதம் இத்தனை ஃப்ளஷ், இத்தனை கோட்டிங் விற்க வேண்டும் என்று அவன் தலைமேலும் ஒரு டார்கெட் தொங்குகிறது என்பதைப் பிறகு அவனே சொன்னான்.

எல்லாவற்றையும் மறுப்பது அறிவில்லை என்று அந்த மழையில் தெரிந்துகொண்டேன். இப்போது “தேய்ந்திருக்கு” என்று யாராவது சொன்னால் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று கேட்கிறேன். சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்கிறேன். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சக்கூடியது, கையேடு சொல்லும் காலத்தில் அதை மாற்றிவிடுகிறேன். மாற்றிய பழைய பாகங்களை டிக்கியில் வைக்கச் சொல்கிறேன். எஸ்டிமேட்டில் இல்லாத எதையும் என்னைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று ஜாப் கார்டில் என் கையால் எழுதுகிறேன். பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் புகார் சொல்லலாம்.

பழைய பாகத்தைக் காட்டு என்று முதல் தடவை கேட்டபோது என் குரல் நடுங்கியது. சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதையை எத்தனை ஆண்டுகளாக நடத்துகிறேன். அரசவையில் கண்ணகி செய்தது அதுதான். தன் சிலம்புக்குள் இருப்பது மாணிக்கம் என்று அவளுக்குத் தெரியும். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. உடைத்துக் காட்டியதும் வழக்கு முடிந்தது. வகுப்பில் அதை நாங்கள் கற்பின் வலிமை என்று நடத்துவோம். தன் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துவைத்திருந்த பெண் என்று இப்போது சேர்த்துச் சொல்கிறேன். பொற்கொல்லர்கள்மேல் அந்தக் காப்பியம் ஏற்றிவைத்த பழி தனியாகப் பேச வேண்டியது.

போன மாதம் அறுபதாயிரம் கிலோமீட்டர் சர்வீஸ். அம்மாவுக்குக் கண் மருத்துவரிடம் போக வேண்டியிருந்ததால் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். எழுபத்து மூன்று வயது. கவுன்டரில் புதிய பையன். எஸ்டிமேட்டை என்னிடம் நீட்டினான், அம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே வந்தாள்.

“தம்பி, இந்த லேபருங்கிறது செய்கூலி. அது சரி. கீழே கன்ஸ்யூமபிள்ஸ்னு அறுநூத்தம்பது ரூபா போட்டிருக்கியே, அது என்ன சேதாரமா?”

துணி, கிரீஸ், கிளீனர் என்று ஏதோ சொன்னான்.

“எத்தனை துணி?”

பையன் என்னைப் பார்த்தான். நான் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் லிஃப்டில் ஏறிக்கொண்டிருந்த என் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா தன் கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள்.